மந்திரத்துக்கு முதலில் விலை எழுதுங்கள்: ரோல்பிளே விளையாட்டுக்கு மாயமுறை அமைக்கும் முழு வழிகாட்டி

ரோல்பிளே என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை ஆடுவது. அதற்குப் புதிதாக ஓர் உலகம் அமைக்க உட்காரும் குழு முதல் தாளில் எழுதுவது பெரும்பாலும் மந்திரங்களின் பட்டியல். நெருப்பு எறியலாம், பறக்கலாம், காயம் ஆற்றலாம், எதிரியின் மனத்தைப் படிக்கலாம். பட்டியல் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் யாராவது கேட்பார்: "சரி, இதுக்கெல்லாம் என்ன செலவு?" அப்போது அவசரமாக எண்களை ஒட்டுவார்கள். மூன்றாவது ஆட்டத்துக்குள் வாள்வீரனாக ஆடுபவர் தன் முறை வரும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வெட்டுவதற்குள் மந்திரவாதி எல்லாவற்றையும் முடித்துவிட்டிருப்பார்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் விலை, பிறகு வல்லமை. ஆட்டம் சமமாக இருப்பதும் உலகம் நம்பும்படி இருப்பதும் ஒரே வேலைதான். விலை சரியாக விழுந்தால் ஆட்டம் சமப்படும். அந்த விலையை அந்த உலகத்தில் யாரோ ஒருவர் தன் வயலிலும் வலையிலும் கொடுக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தால் உலகம் நம்பும்படி ஆகும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு முறையை அடியிலிருந்து கட்டிப் பார்க்கலாம். அதைத் திணை மந்திரம் என்று அழைப்போம். களம் பினாங்கைப் போன்ற ஒரு தீவும் எதிர்க்கரையும். தேவையானவை: ஒரு கேம் மாஸ்டர் (கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்), ஆட நான்கு பேர், ஆளுக்கு இரண்டு ஆறு பக்கப் பகடை, உள்ளங்கை அளவுக்கு வெட்டிய அட்டை 15, ஒரு சோங்காக் பலகை. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் அதுவே போதும்.

மேசையில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

இங்கே பினாங்கில் ஒரே மேசையில் இந்து, தமிழ் முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் இருப்பது சாதாரணம். மந்திரம் என்ற சொல் ஒருவருக்கு வழிபாடு, இன்னொருவருக்குச் செய்வினை, மற்றொருவருக்கு விலக்கப்பட்ட செயல். ஆகவே முதல் எண்ணை எழுதுவதற்கு முன்பே அரை மணி நேரம் ஒதுக்கி, எது மேசைக்கு வரக்கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பரிந்துரை உறுதியானது: வாழும் தெய்வங்களின் பெயரையும், உண்மையில் ஓதப்படும் மந்திரங்களையும், ஆவி இறங்குவதையும் விதியாக்காதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவரின் விரதத்தைப் பகடை எண்ணாகக் குறுக்குவது அவருக்கும் மரியாதை இல்லை, ஆட்டத்துக்கும் பயனில்லை. ஆற்றலின் ஊற்றை நிலத்திலும் பொழுதிலும் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதே இல்லை.

ஊற்று: மந்திரம் எங்கிருந்து வருகிறது

"மாயம்தானே, எப்படியோ வருகிறது" என்ற பதில் ஆட்டத்தைக் கெடுக்கும். ஊற்று தெரியாவிட்டால், விதியில் எழுதாத ஒரு சூழல் வரும்போது தீர்ப்புச் சொல்ல கேம் மாஸ்டரிடம் எதுவும் இருக்காது. அவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார், அடுத்த வாரம் வேறொன்றைச் சொல்வார்.

தமிழில் இதற்கு ஒரு சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. அகத்திணை மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அங்கே வாழும் விலங்கு, பறவை, மரம், உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் மனநிலை உரிப்பொருள். இந்த மூன்றையும் அப்படியே மந்திரத்தின் மூன்று உறுப்புகளாக்கலாம். முதல்: எந்த இடத்தில், எந்தப் பொழுதில். கரு: கையில் என்ன பொருள். உரி: என்ன வினை.

குறிஞ்சியின் உரி புணர்தல், ஆகவே மலையில் மந்திரம் சேர்க்கும், கட்டும், பிணைக்கும். முல்லையின் உரி இருத்தல். அது காக்கும், காத்திருக்கும், நிறுத்தி வைக்கும். மருதத்தின் உரி ஊடல். அது இருவரிடையே பிணக்கு மூட்டும், நம்பிக்கையைத் திருப்பும். நெய்தலின் உரி இரங்கல். அது தொலைந்ததை அழைக்கும், மறந்ததை நினைவூட்டும். பாலையின் உரி பிரிதல்; அது அறுக்கும், விடுவிக்கும், வெளியேற்றும்.

ஐந்தே வினைகள். ஒரு ஆட்டக்காரர் "நான் அவனைத் தவளையாக்கலாமா?" என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. இந்த ஐந்தில் எதிலும் உருமாற்றம் இல்லை, ஆகவே முடியாது. நல்ல ஊற்று என்றால் இதுதான்: என்ன முடியும் என்பதைவிட என்ன முடியாது என்பதை அது விரைவாகச் சொல்லிவிடும்.

நிலங்களை நம் ஊரோடு பொருத்துவது கடினமில்லை. கொடிமலை 833 மீட்டர் உயரம், அது குறிஞ்சி. தெலுக் பஹாங் போன்ற மீனவர் கரை நெய்தல். செபராங் பிறையின் நெல்வயல்கள் மருதம். மாடு மேயும் ரப்பர்த் தோட்டத்தின் ஓரம் முல்லை. பாலைக்கு மரபே வழி சொல்கிறது: பாலை தனி நிலம் அல்ல, முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டுத் திரிந்த நிலை. தோட்டம் மூடி, மரங்களைச் சாய்த்து, செம்மண் வெட்டவெளியாகக் கிடக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் முறைக்கு விலை அங்கேதான் இருக்கிறது. மந்திரம் அதிகம் எடுத்தால் எந்த நிலமும் பாலையாகும். மரபு சொல்லாத மருதத்தையும் நெய்தலையும் நாம் இதில் சேர்த்துக்கொள்கிறோம்.

விலை: யார் கொடுக்கிறார்கள், எப்போது, எவ்வளவு

விலையில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும்.

ஒரு நாளைக்கு இத்தனை முறை என்ற எண்ணிக்கை விலைதான் மிகவும் பழக்கமானது. 1974-ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே விளையாட்டு முதல் இது இருக்கிறது. இதன் பலவீனம் உறக்கம். எட்டு மணி நேரம் தூங்கினால் எல்லாம் திரும்பிவிடும் என்றால், குழு ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கூடாரம் போடும். அந்த விளையாட்டின் 2014 பதிப்பு, ஒரு குழு ஒரு நாளில் 6 முதல் 8 நடுத்தர அல்லது கடினமான மோதல்களைத் தாங்கும் என்று கணக்கு வைத்தது. சனிக்கிழமை இரவு மூன்று மணி நேரம் ஆடும் குழுவால் ஒன்றிரண்டு சண்டைதான் முடியும். ஆகவே ஆறு சண்டைக்கு அளந்து கொடுத்த ஆற்றலை மந்திரவாதி இரண்டே சண்டையில் கொட்டித் தீர்க்கிறார். வாள்வீரனுக்கு அப்படிச் சேமித்துக் கொட்ட அதிகம் இல்லை. பல மேசைகளில் மந்திரவாதி மிஞ்சிப் போவதற்கு மந்திரத்தின் எண்களைவிட இந்த இடைவெளியே பெரிய காரணம்.

உடல் விலை, அதாவது உயிர்ப்புள்ளியை (அடிபட்டால் குறையும் எண்) கொடுத்து மந்திரம் போடுவது, கேட்க நன்றாக இருக்கும். குழுவில் காயம் ஆற்றுபவர் ஒருவர் சேர்ந்த அன்றே அது செத்துவிடும். அவரே மந்திரத்துக்கு எரிபொருள் ஆகிவிடுவார். பொருள் விலை முதல் இரண்டு ஆட்டம் நிற்கும், பிறகு யாரும் கணக்கு எழுதமாட்டார்கள். எழுதினாலும் பணம் சேர்ந்ததும் ஒரு பை நிறைய வாங்கி வைத்துக்கொள்வார்கள். கால விலை (பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும், அதற்குள் எதிரி வந்துவிடலாம்) நல்லது, பலரும் பயன்படுத்தாதது.

திணை மந்திரத்தில் விலையை நிலம் கொடுக்கிறது. விதி இவ்வளவுதான்:

ஒவ்வோர் இடத்துக்கும் 6 வளம். ஒரு மந்திரம் 1 முதல் 3 வளம் எடுக்கும். அந்த நிலத்துக்குரிய பொழுது யாரும் மந்திரம் போடாமல் கழிந்தால் 1 வளம் திரும்பும். பாடநூல் கணக்குப்படி குறிஞ்சிக்கு யாமம், இரவு 10 முதல் 2 வரை. முல்லைக்கு மாலை, 6 முதல் இரவு 10 வரை. மருதத்துக்கு வைகறை, 2 முதல் காலை 6 வரை. நெய்தலுக்கு எற்பாடு, பிற்பகல் 2 முதல் 6 வரை. வளம் 0 ஆனால் அந்த இடம் பாலை. ஒரு மழைக்காலம் கழியும்வரை எதுவும் திரும்பாது.

இப்போது பலகை. சோங்காக்கின் ஒவ்வொரு குழியும் ஓர் இடம், ஒவ்வொரு குழியிலும் ஆறு மணி, அதாவது காய்; ஒரு மணி ஒரு வளம். மந்திரம் போடுபவர் தன் கையாலேயே மணியை எடுத்து, எத்தனை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே வைக்க வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியலாம், இதைத் தவிர்க்காதீர்கள். ஒருவர் தன் தாளின் மூலையில் பென்சிலால் எண்ணைக் குறைப்பதை யாரும் பார்ப்பதில்லை. குழியில் இரண்டு மணிதான் மிச்சம் என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டு மந்திரவாதிகள் இருந்தால் இருவருக்கும் ஒரே குழி. "அண்ணே, அதை எடுக்காதீங்க, நாளைக்கு இங்கேதான் தங்கணும்" என்று வாள்வீரன் தலையிடுவதற்கு அப்போது வாய்ப்புக் கிடைக்கிறது. எதிரி மந்திரவாதியும் அதே குழியிலிருந்துதான் எடுப்பார், முதலில் காலி செய்பவர் மற்றவரை முடக்கலாம்.

பாலையில் எடுக்க வளம் இல்லை, ஆனால் பிரிதல் மந்திரம் அங்கேதான் வேலை செய்யும். அதன் விலை உறவு. ஒவ்வொரு பாத்திரமும் தொடங்கும்போது தாளில் மூன்று பெயர்கள் இருக்கும்: அம்மா, தோழன், கடன் கொடுத்தவர், யாராக இருந்தாலும் சரி. ஒரு பாலை மந்திரத்துக்கு ஒரு பெயரை அடிக்க வேண்டும். அந்த ஆளுக்கு இனி இந்தப் பாத்திரத்தை அடையாளம் தெரியாது. முழுத் தொடருக்கும் மூன்றே முறை. இந்த மந்திரங்களை எவ்வளவு வலிமையாக எழுதினாலும் ஆட்டம் சாயாது. மூன்றாவது பெயரை அடிக்க யாரும் எளிதில் துணிவதில்லை.

பகடை

இரண்டு பகடையின் கூட்டுத்தொகையோடு திறன் எண்ணைச் சேர்க்க வேண்டும். 10-ம் அதற்கு மேலும் முழு வெற்றி. 7 முதல் 9 வரை பலன் கிடைக்கும், ஒரு சிக்கலும் கூட வரும். 6-ம் அதற்குக் கீழும் தோல்வி, வளம் போனது போனதுதான்.

திறன் 0 என்றால் 36 வாய்ப்பில் 6 முழு வெற்றி, 15 சிக்கலோடு வெற்றி, 15 தோல்வி. திறன் +1 என்றால் 10, 16, 10. திறன் +2 என்றால் 15, 15, 6. திறன் +3 என்றால் 21, 12, 3. திறன் +4-க்குப் போனால் 36-ல் ஒன்றே ஒன்றுதான் தோற்கும். தோல்வி இல்லாத இடத்தில் விலைக்கும் பயம் இல்லை, ஆகவே +3 உச்சவரம்பு. உரிய பொழுதில் போட்டால் கிடைக்கும் +1-ம் இந்த வரம்புக்குள்தான்.

நடுப்பகுதியைக் கவனியுங்கள். 7 முதல் 9 வரை வருவதுதான் பல நேரங்களில் மிக அதிகம். அந்த முடிவுக்கு என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு மந்திரத்துக்கும் தனித்தனியாக முன்பே எழுதி வைக்காவிட்டால், ஆட்டம் ஒவ்வொரு முறையும் அங்கே வந்து தேங்கும்.

ஓர் அடியின் எடை

இந்தக் கணக்கைச் செய்யாமல் மந்திரத்துக்கு எண் போடாதீர்கள். அளவுகோல் வாள்வீரனின் ஒரு முறை. திறன் +1, 7-ம் அதற்கு மேலும் வந்தால் அடி விழும்: 36-ல் 26, அதாவது 72.2 விழுக்காடு. வாளின் சேதம் ஒரு பகடையும் 1-ம், சராசரி 4.5. இரண்டையும் பெருக்கினால் ஒரு முறைக்கு 3.25. இதுவே நம் படிக்கல்.

1 வளம் எடுக்கும் தாக்குதல் மந்திரத்துக்கு இரண்டு பகடைச் சேதம்: சராசரி 7, அதே 72.2 விழுக்காட்டில் 5.06. வாளைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 3 வளத்துக்கு நான்கு பகடை: 10.1. நான்கு முறை நீளும் ஒரு சண்டையில் 1 வள மந்திரத்தை நான்கு தடவை போட்டால் 20.2, 3 வள மந்திரத்தை இரண்டு தடவை போட்டாலும் 20.2. முதல் வழியில் குழியில் இரண்டு மணி மிஞ்சும், இரண்டாவதில் நிலம் பாலையாகும், ஆனால் பாதி நேரத்தில் முடியும். கூடுதல் விலை வேகத்துக்கு மட்டும். இப்படி இரண்டு வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்போதுதான் ஆடுபவர் உண்மையாகவே யோசிப்பார்.

இதே சண்டையில் வாள்வீரன் செய்வது 13. மந்திரவாதி முந்திவிட்டார் போலத் தெரியும். அதே இடத்தில் மூன்று சண்டை, மொத்தம் 12 முறை என்று பாருங்கள். வாள்வீரன் 39. மந்திரவாதிக்கு ஆறு மந்திரம்தான், 30.3. மிச்சம் ஆறு முறை கத்தியோடு நிற்பார்: திறன் 0, ஒரு பகடைச் சேதம், முறைக்கு 2.04, ஆக 12.25. மொத்தம் 42.6. கிட்டத்தட்டச் சமம். உங்கள் குழு ஓர் இடத்தில் எத்தனை சண்டை போடும் என்பதை நேர்மையாக மதிப்பிட்டு வளத்தை மாற்றுங்கள். ஒரே சண்டை என்றால் 6 அதிகம், 3 போதும்.

பல பேரை ஒரே நேரத்தில் தாக்கும் மந்திரம் இந்தக் கணக்கை உடைக்கும். 3 வளத்துக்கு நான்கு பகடை, மூன்று எதிரிகள் மேல் என்றால் 30.3. ஒன்பது முறை வாள் வீசியதற்குச் சமம். ஆகவே பலர் மேல் விழும்போது பகடை பாதி: ஆளுக்கு 5.06, மொத்தம் 15.2. பெரிய விளையாட்டுகளே இங்கே வழுக்கியிருக்கின்றன. மேலே சொன்ன 2014 பதிப்பு, மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு ஆறு பகடை, சராசரி 21, என்று தன் அட்டவணையிலேயே கொடுத்துவிட்டு, தன் புகழ்பெற்ற தீ உருண்டைக்கு எட்டுப் பகடை, சராசரி 28, கொடுத்தது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த நிலையில் வேறு தாக்குதல் மந்திரத்தை ஒருவர் தேர்ந்தெடுக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

சேதத்தை எல்லாரும் கவனமாக அளப்பார்கள். முடக்குவதை அளக்க மறப்பார்கள். மூன்று எதிரிகளை இரண்டு முறை அசையவிடாமல் கட்டிப்போடும் மந்திரம் ஒரு துளி சேதமும் செய்யாது. ஆனால் ஆறு எதிரி முறைகளை அது அழிக்கிறது. எதிரியின் அடியும் 3.25 என்றால் 19.5 சேதம் தடுக்கப்படுகிறது. அந்த நேரம் முழுக்க நண்பர்கள் வெட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். தீயைவிட இது வலிமையானது, விலையும் அப்படியே இருக்க வேண்டும்: ஒரு முறை மட்டும் கட்டினால் 2 வளம், இரண்டு முறைக்கு 3, அதுவும் ஒருவரை மட்டும்.

ஓர் அட்டையை முழுமையாக எழுதுதல்

15 அட்டைக்கு மேல் வேண்டாம், திணைக்கு மூன்று. ஒன்றை முழுதாகப் பார்ப்போம்.

பெயர்: விளக்கு வைத்த வாசல்
முதல்: முல்லை. மாலையில் போட்டால் +1
கரு: பசுநெய் ஊற்றிய ஓர் அகல்
உரி: இருத்தல்
விலை: 2 வளம்
பலன்: விளக்கு எரியும்வரை, அழைக்கப்படாத எவரும் அந்த வாசலைத் தாண்ட முடியாது. ஓர் அகல் ஐந்து நாழிகை, அதாவது 2 மணி நேரம் எரியும்
7–9: மந்திரம் போட்டவரும் விளக்கை விட்டு நகர முடியாது
6-ம் கீழும்: வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்
முடியாதது: வாசல் இல்லாத வெட்டவெளியில் போட முடியாது. அம்பையும் கல்லையும் நெருப்பையும் நிறுத்தாது

இந்த அட்டையின் உயிர் அகலில் இருக்கிறது. "இரவு முழுவதும் எவரும் நுழைய முடியாது" என்று எழுதியிருந்தால், குழு ஒவ்வொரு ஆபத்திலும் ஒரு குடிசைக்குள் புகுந்து விடியும்வரை தூங்கும். எதிரிக்குச் செய்ய எதுவும் இருக்காது. விளக்கு இருந்தால் காற்று இருக்கிறது, மழை இருக்கிறது, உள்ளேயிருந்து ஊதி அணைக்கக்கூடிய துரோகி இருக்கிறான். நெய் தீரும். ஒவ்வொரு வலிமையான மந்திரத்துக்கும் எதிரி கையில் எட்டக்கூடிய ஒரு கைப்பிடி வேண்டும். 7–9 முடிவும் அதே முல்லையிலிருந்து வருகிறது. காத்திருக்க வைப்பவர் தானும் காத்திருக்கிறார்.

கருப்பொருளை மற்றவர்களிடம் கொடுங்கள். நெய்யை வாங்கப் பேரம் பேசுவது வணிகனின் வேலை, மலைத்தேன் எடுப்பது வேடனின் வேலை, சுறாவின் பல்லைக் கொண்டுவருவது மீனவனின் வேலை. மந்திரம் தெரியாத பாத்திரம் இல்லாமல் மந்திரம் நடக்காது என்றால், சமநிலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அட்டை எழுதும்போது ஆடுபவர்கள் எதை வளைப்பார்கள் என்றும் யோசியுங்கள். நிச்சயம் கேட்பார்கள்: "ஒரு குடம் கடல்தண்ணி மலைக்குக் கொண்டுபோனா அது நெய்தலா?" இல்லை, தண்ணீர் கருப்பொருள், முதற்பொருள் நிலமும் பொழுதும். கப்பல் தளம்? கடல்மேல் இருக்கும்வரை நெய்தல். இரண்டு நிலங்களின் எல்லையில் நின்றால்? கால் எங்கே ஊன்றியிருக்கிறதோ அது. ஊற்று தெளிவாக இருந்ததால் மூன்று கேள்விக்கும் ஒரு மூச்சில் பதில் கிடைக்கிறது.

மூன்று முடியாதவை

தாளின் தலையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: இறந்தவர் திரும்பமாட்டார். மனத்தைப் படிக்க முடியாது. தொலைவைக் கடக்க முடியாது. முதலாவது இல்லாவிட்டால் ஆபத்துக்குப் பொருளில்லை. இரண்டாவது இல்லாவிட்டால் எந்த மர்மக் கதையும் பத்து நிமிடத்தில் முடியும். மூன்றாவது இல்லாவிட்டால் பயணமே இல்லை. நெய்தலின் இரங்கல் இறந்தவரின் கடைசி உணர்ச்சியைக் கேட்கலாம், பெயரையோ முகத்தையோ தராது. இந்தச் சிறு வாசலை மட்டும் திறந்து வையுங்கள்.

உலகம் அந்த விலையை அறிந்திருக்கிறதா

ஒரு மந்திரத்தை எழுதி முடித்ததும் கேளுங்கள்: இது நூறு ஆண்டுகளாக இங்கே இருந்திருந்தால், யாருடைய தொழில் போயிருக்கும்? யார் பணக்காரர் ஆகியிருப்பார்? யார் தடை போட்டிருப்பார்?

எதிர்க்கரையில் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ல் படையெடுத்த கடாரம் என்று அறியப்படும் நிலம் அது. பலருக்கு அங்கே கதை வைக்க ஆசை, நல்ல ஆசை. ஆனால் அத்தகைய துறைமுகங்கள் வளர்ந்ததற்குப் பருவக்காற்று பெரிய காரணம். ஒரு காற்றில் வந்த கப்பல், அடுத்த காற்று திரும்பும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கிடங்கும் சந்தையும் கோயிலும் வந்தன. காற்றைத் திருப்பும் மந்திரத்தை 1 வளத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், எந்த மாலுமியும் அங்கே தங்கமாட்டான். துறைமுகம் இருந்திருக்க நியாயமே இல்லை. காற்று மந்திரம் வேண்டுமென்றால் 3 வளம், ஒரு பாய்மரத்துக்கு மட்டும், ஒரு பொழுதுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். அப்போது அது அவசரத்தில் தப்பியோடும் கள்ளக் கப்பலுக்கு உதவும், வணிகத்தை அழிக்காது.

வளம் குறைவது மக்கள் வாழ்க்கையில் தெரிய வேண்டும். இதை விட்டால் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை திறந்துவிடும்: ஆடுபவர்கள் ஒவ்வோர் இடத்திலும் ஐந்து மணியை உறிஞ்சி, ஒன்றை விட்டுவிட்டு, அடுத்த ஊருக்கு நடப்பார்கள். எங்கும் பாலை வராது, எவரும் விலை கொடுக்கவில்லை போலிருக்கும். அடைப்பது எப்படி என்றால், குழியில் 3 ஆனதும் அறிகுறி தொடங்க வேண்டும். நெய்தலில் வலை லேசாக வரும். முல்லையில் மாடு பால் மறக்கும். மருதத்தில் கதிர் பதராகும். 2 ஆனதும் ஊரில் ஒருவர் வந்து நேரில் கேட்பார். 1 ஆனதும் சோறு விற்கமாட்டார்கள், தங்க இடம் தரமாட்டார்கள். கேம் மாஸ்டர் பகடை உருட்டத் தேவையில்லை. பலகையைப் பார்த்தாலே ஊரின் மனநிலை தெரியும். இப்படிப்பட்ட உலகத்தில் வைகறையில் வயலுக்குக் காவல் போடுவார்கள், மந்திரம் தெரிந்தவருக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள், வளம் நிறைந்த ஒரு மலைச்சரிவுக்காக இரண்டு ஊர் வழக்காடும். கதைகளை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை.

வளர்ச்சி

மேற்சொன்ன 2014 பதிப்பில் முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு மந்திரம் போட இரண்டே இடங்கள். இருபதாம் லெவலில் 22, அதில் ஒன்று உச்சமான ஒன்பதாம் நிலை மந்திரத்துக்கு. போர்வீரனுக்கு ஒரு தாக்குதல் நான்காகிறது. ஒருவர் உயரத்திலும் எண்ணிக்கையிலும் ஒரே நேரத்தில் வளர்கிறார், மற்றவர் எண்ணிக்கையில் மட்டும். திணை மந்திரத்தில் பகடை எண்ணிக்கை கடைசிவரை ஏறாது. வளர்ச்சி என்றால் இன்னொரு திணையைக் கற்பது. மலையில் பிறந்தவர் கடலைக் கற்கிறார். அதற்கு அங்கே ஒரு பருவம் வாழ வேண்டும்.

சோதனை ஆட்டம்

மூன்று அமர்வுகள் போதும். முதலாவதில் கதை வேண்டாம், ஒரே இடத்தில் மூன்று சண்டை மட்டும் நடத்துங்கள். ஒருவர் ஆடாமல் உட்கார்ந்து நான்கு எண்களை மட்டும் குறிக்கட்டும்: ஒவ்வொருவரும் செய்த சேதம், தடுத்த எதிரி முறைகள், எடுத்த மணிகள், ஒரு மந்திரம் தொடங்கி முடிய எடுத்த நேரம். கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு நிமிடத்தைத் தாண்டும் அட்டையைத் திருத்தி எழுதுங்கள். பெரும்பாலும் 7–9 வரிதான் மங்கலாக இருக்கும். இரண்டாவது அமர்வில் சண்டையே வேண்டாம், ஊரில் ஒரு சிக்கலைப் பேசித் தீர்க்கட்டும். அங்கே ஒரே அட்டை எல்லாவற்றையும் தீர்த்தால் அதன் வினை அகலமாக இருக்கிறது என்று பொருள்; மருதத்தின் ஊடல் அட்டைகளில் இது அடிக்கடி நேரும். மூன்றாவதில் அட்டைகளை இடம் மாற்றுங்கள்: வாள்வீரனாக ஆடியவர் மந்திரவாதியாகட்டும். ஒரே ஆள் எந்தப் பாத்திரத்திலும் முந்தினால், கோளாறு விதியில் இல்லை.

திருத்தும்போது ஒரு அமர்வுக்கு ஒரு எண்ணை மட்டும் தொடுங்கள், முதலில் விலையை, அது போதாவிட்டால்தான் பலனை. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய எண்ணை அழிக்காமல் அட்டையின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். நான்கைந்து மாதம் கழித்து யாராவது "இது ஏன் 2 வளம்?" என்று கேட்கும்போது திருப்பிக் காட்ட அது வேண்டியிருக்கும்.